நட்சத்திர கார்னர்பேக்கை அஃபென்ஸிலும் ஆடவிடலாமா?

அரோராக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொலராடோவுக்கு வேலை மாற்றி வந்து நாலு வருஷம் ஆகிறது. 2023 செப்டம்பர் வரைக்கும் அமெரிக்க ஃபுட்பால் என்றால் எனக்கு ஒருவர் மேல் ஒருவர் விழுவதுதான். அந்த மாதம் 2ஆம் தேதி, கொலராடோ அணி டெக்சஸ் கிறிஸ்டியன் அணியை அவர்கள் ஊரிலேயே 45-42 என்று ஜெயித்த ஆட்டத்தை ஆபீஸ் நண்பர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். 12ஆம் நம்பர் போட்ட ஒரு பையன் 11 பாஸ் பிடித்தான். பந்து கையில் இருக்கும்போது ஆடுகிற கூட்டம் அஃபென்ஸ், எதிரணி கைக்குப் போனதும் தடுக்க இறங்குகிற கூட்டம் டிஃபென்ஸ். பந்து கை மாறியதும் அஃபென்ஸ் ஆட்கள் எல்லோரும் வெளியே வருகிறார்கள், இவன் மட்டும் அங்கேயே நிற்கிறான். நின்று, எதிரணி போட்ட பாஸைத் தானே பிடித்து ஒரு இண்டர்செப்ஷனும் எடுத்தான். "இவன் வெளியே வரவே மாட்டானா?" என்று கேட்டேன். "மாட்டான்" என்றார் நண்பர். அன்றைக்குப் பிடித்த பைத்தியம், இன்னும் விடவில்லை.

அந்தப் பையன்தான் டிராவிஸ் ஹண்டர், அவன் கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2022இல் 12 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்த அணி, 2024இல் 9 ஆட்டம் ஜெயித்தது. அந்த வருஷம் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது அவனுக்கு. பாஸ் பிடிக்கிற சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப், சிறந்த டிஃபென்ஸ் வீரருக்கான பெட்னாரிக் இரண்டையும் ஒரே ஆள் வாங்கினான்.

டல்லாஸில் இருக்கும் என் மச்சான்தான் பிரச்சினை. (அவன் ரொம்ப வருஷமாகப் பார்க்கிறவன், அதனால் சட்டென்று தள்ளிவிடவும் முடியவில்லை.) ரெண்டு பக்கமும் ஓடவிட்டு அந்தப் பையனை உருக்கிவிட்டார்கள் என்கிறான். எதிரணி ரிசீவரைத் தடுக்கிற கார்னர்பேக்காக மட்டும் விட்டிருந்தால் பதினைந்து வருஷம் ராஜாவாக இருந்திருப்பான், இப்போது பார் என்கிறான். போன வருஷம், 2025 அக்டோபர் கடைசியில், தொழில்முறை லீகில் (ப்ரோ) அவன் சேர்ந்த ஜாக்சன்வில் அணியின் பயிற்சியில் முழங்கால் போய், அறுவை சிகிச்சை ஆகி, முதல் சீசன் ஏழு ஆட்டத்தோடு நின்றுவிட்டதே, அதைச் சொல்கிறான்.

என் கேள்வி ஹண்டரைப் பற்றி மட்டும் இல்லை. இனி ஏதோ ஒரு கல்லூரிக்கு அப்படி ஒரு டிஃபென்ஸ் பையன் வருவான். கையும் நன்றாக இருக்கும், வேகமும் இருக்கும். கோச் அவனை அஃபென்ஸிலும் இறக்க வேண்டுமா, கூடாதா? கிரிக்கெட்டில் ஆல்ரவுண்டரைக் கொண்டாடுகிற நமக்கு இதில் ஏன் இத்தனை தயக்கம்?

---

ஆன்ஆர்பர்97 எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996 ஆகஸ்டில் மேற்படிப்புக்காக ஆன் ஆர்பர் வந்தேன். அடுத்த வருஷம் மாணவர் டிக்கெட்டில் மிச்சிகன் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து சார்ல்ஸ் உட்ஸனைப் பார்த்தேன். 1997 நவம்பர் 22, ஒஹையோ ஸ்டேட் ஆட்டம். குளிரில் கால்விரல் உணர்ச்சியே இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். அன்றைக்கு உட்ஸன் மூன்று காரியம் செய்தார். ரிசீவராக இறங்கி 37 யார்டுக்கு ஒரு பாஸ் பிடித்தார், அது ஒரு டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது, ஆறு பாயிண்ட்) வழி போட்டது. எதிரணி உதைத்து அனுப்பிய ஒரு பண்ட்டை வாங்கி 78 யார்ட் ஓடி டச்டவுன் போட்டார். அப்புறம் எதிரணி நம் கோட்டை நெருங்கி வந்தபோது அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ட் ஸோனில் இண்டர்செப்ஷன். 20-14. ஆட்டம் முடிந்ததும் வாயில் ஒரு ரோஜாவைக் கவ்விக்கொண்டு நின்றார். ரோஸ் பவுல் என்கிற பெரிய ஆட்டத்துக்குப் போகிறோம் என்பதற்கு அடையாளம். நான் நின்ற வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். இன்றைக்கும் அந்தப் பிடி ஞாபகம் இருக்கிறது.

பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங்கைத் தாண்டி அவருக்கு ஹைஸ்மன் கிடைத்தது. முக்கியமாக டிஃபென்ஸில் ஆடுகிற ஒருவருக்கு அந்த விருது போனது அதுதான் முதல் தடவை. இங்கேதான் எல்லோரும் தப்பாக நினைக்கிறார்கள். உட்ஸன் 'ரெண்டு பக்கமும் ஆடியவர்' என்று சொல்லிச் சொல்லி, அவர் ஹண்டர் மாதிரி ஆடியதாக ஒரு நினைப்பு வந்துவிட்டது. அந்த சீசன் முழுவதும் அவர் பிடித்த பாஸ் ஒரு டஜனைத் தாண்டாது. 8 இண்டர்செப்ஷன் எடுத்தார், அதுதான் அவருடைய வேலை. ஒரு ஆட்டத்துக்கு ஏதோ சில ஸ்னாப்புக்கு (பந்து ஒரு முறை ஆட்டத்துக்கு வருவது ஒரு ஸ்னாப்) மட்டும் கோச் லாய்ட் கார் அவரை அஃபென்ஸில் இறக்குவார். 2ஆம் நம்பர் அந்தப் பக்கம் வந்து நின்றாலே எதிரணி டிஃபென்ஸில் இரண்டு பேர் கையைக் காட்டிக் கத்த ஆரம்பிப்பார்கள். பந்து அவருக்கு வரவே வராது, வேறொருவர் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருப்பார். அந்தப் பயம் போதும்.

ஹண்டர் விஷயம் வேறு. 2024 வழக்கமான சீசனில் மட்டும் 1,300 ஸ்னாப்புக்கு மேல். ஆட்டத்துக்கு நூறுக்கும் அதிகம். அஃபென்ஸிலும் முழு நேரம், டிஃபென்ஸிலும் முழு நேரம்.

ஆகவே உங்கள் கேள்வியை நான் இப்படித் திருத்துவேன்: ஆடலாமா என்பதில்லை, எத்தனை ஸ்னாப் என்பதுதான். என் பதில்: ஆடட்டும், ஆனால் பத்துப் பதினைந்து ஸ்னாப். அதற்கு மேல் வேண்டாம்.

ஏன் என்றால், களைப்பு இரண்டு பக்கமும் ஒரே விலை கேட்பதில்லை. ரிசீவருக்குத் தான் எங்கே ஓடப்போகிறோம் என்று தெரியும். களைத்துப்போய் அரை அடி பிந்தினால் பாஸ் தவறும், அவ்வளவுதான், அடுத்த முயற்சி (டவுன்) இருக்கிறது. பாஸ் போடாமல் பந்தோடு வேறொருவர் ஓடுகிற ஸ்னாப் என்றால் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளவும் முடியும். கார்னர்பேக்குக்கு அந்தச் சலுகை எதுவும் கிடையாது. அவன் பின்பக்கமாக ஓடுகிறான், எதிரில் இருப்பவன் இடுப்பைப் பார்த்து ஊகிக்கிறான், அவன் திரும்பிய பிறகுதான் இவன் திரும்ப முடியும். அங்கே அரை அடி பிந்தினால் நேராக ஆறு பாயிண்ட். ஒரு கார்னர்பேக்கின் கால் பலத்தை எங்கே செலவழிக்கிறோம் என்பதில் கருமியாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கிரிக்கெட் ஒப்பீடு இங்கே பொருந்தாது தம்பி. ஆல்ரவுண்டர் பந்து போட்டு முடித்தால் அப்புறம் பெவிலியனில் கால் நீட்டி உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருக்கலாம். இங்கே உங்கள் குவார்ட்டர்பேக் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிட்டால் அடுத்த நிமிடமே, 40 யார்ட் ஓடி முடித்த அதே காலோடு, எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும்.

இன்னொன்று, எங்கள் ஊர்க்காரன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஆதியில் எல்லோரும் ரெண்டு பக்கமும்தான் ஆடினார்கள். 1945இல் பலமான ஆர்மி அணியை எதிர்க்கப் போனபோது மிச்சிகன் கோச் ஃபிரிட்ஸ் கிறிஸ்லர் அஃபென்ஸுக்கு ஒரு கூட்டம், டிஃபென்ஸுக்கு ஒரு கூட்டம் என்று பிரித்து இறக்கினார். தோற்றோம், 28-7. ஆனாலும் அந்த யோசனை எல்லா ஊருக்கும் பரவிவிட்டது. 1953இல் விதியை இறுக்கி மறுபடி பழைய முறைக்குக் கொண்டுபோனார்கள். 60களின் நடுவில் அதையும் தளர்த்தியதும் எல்லோரும் பிரித்து ஆடுவதற்கே திரும்பினார்கள். புதிய கால்கள் களைத்த கால்களை ஜெயிக்கும் என்பது அப்போதே தெரிந்துபோன விஷயம்.

---

கொலம்பஸ்வாசி எழுதியது:

அந்த 1997 ஆட்டத்தை ஞாபகப்படுத்தியதற்கு நன்றி அண்ணா, நாங்கள் ஒஹையோ ஸ்டேட் குடும்பம், எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பத்துப் பதினைந்து ஸ்னாப் என்கிற கணக்கை நான் ஏற்கவில்லை. 2002 ஒஹையோ ஸ்டேட்டில் கிறிஸ் கேம்பிளைப் பாருங்கள். ரிசீவராக வந்த பையன். டிஃபென்ஸில் ஆள் தேவைப்பட்டது, சீசன் நடுவில் கார்னர்பேக்காகவும் இறக்கினார்கள். பென் ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் எங்கள் அஃபென்ஸால் ஒரு டச்டவுன்கூடப் போட முடியவில்லை. கேம்பிள் இண்டர்செப்ஷன் எடுத்து 40 யார்ட் ஓடிப் போட்டதுதான் எங்களுடைய ஒரே டச்டவுன், 13-7. அந்த ஒரு ஆட்டம் போயிருந்தால் மயாமியை இரண்டு ஓவர்டைமில் 31-24 என்று ஜெயித்து எடுத்த தேசியப் பட்டம் ஏது? கேம்பிளை ரெண்டு பக்கமும் ஆடவிட்டுத்தான் எடுத்தார்கள்.

ஜார்ஜியாவின் சாம்ப் பெய்லி 1998இல் கார்னர்பேக்காக இருந்துகொண்டே 47 பாஸ் பிடித்தார், 744 யார்ட். உருகியா போனார்? ப்ரோ லீகின் நட்சத்திர ஆட்டமான ப்ரோ பவுலுக்கு 12 முறை தேர்வு, அப்புறம் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம். தேவை இருந்தால் ஆடட்டும், தேவை இல்லையென்றால் வேண்டாம். அதைக் கோச் பார்த்துக்கொள்வார்.

---

களத்தோரம் எழுதியது:

நான் கோயம்புத்தூரில் பிஸியோதெரபி படித்துவிட்டு இங்கே முதுகலைக்கு வந்தவள். படிக்கும்போது ஒரு பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில் இரண்டு சீசன் உதவியாளராக இருந்தேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை. நீங்கள் எல்லோரும் ஆட்ட நாளையே பேசுகிறீர்கள். நான் புதன்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் அணியில் ஒரு கார்னர்பேக் பையன். இரண்டாம் வருஷம். ரிசீவர்கள் இரண்டு பேருக்கு அடிபட்டதும் இவனை அங்கேயும் சேர்த்தார்கள். கார்னர்பேக்குகளுக்கு வீடியோ வகுப்பு ஒரு அறையில், ரிசீவர்களுக்கு எதிர் அறையில், இரண்டும் ஒரே நேரத்தில். இவன் எங்கே போவான்? பாதி நேரம் இங்கே, பாதி நேரம் அங்கே. கல்லூரி விளையாட்டில் சீசன் நேரத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் கட்டாயப் பயிற்சி வைக்கலாம் என்பது விதி. ரெண்டு இடம் ஆடுகிறவனுக்கு அதை 40 ஆக்கித் தர மாட்டார்கள். அதனால் இரவு தனியாக டேப்லெட்டில் வீடியோ பார்ப்பான். காலையில் எட்டு மணிக்கு வகுப்பு. நான் அவன் கணுக்காலுக்கு டேப் ஒட்டும்போது மேஜை மேலேயே தூங்கிவிடுவான். வாய் திறந்தபடி, கையில் அந்த டேப்லெட் அப்படியே இருக்கும். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஒட்டுவேன்.

வீரர்களுக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஜிபிஎஸ் கருவி வைத்திருப்போம். யார் எவ்வளவு தூரம் ஓடினார்கள், அதில் முழு வேகம் எவ்வளவு என்று அது சொல்லிவிடும். எனக்கு மொத்த தூரம் பெரிய கவலை இல்லை. முழு வேக ஓட்டங்கள்தான் கவலை. தொடையின் பின்தசை கிழிவது பெரும்பாலும் அங்கேதான். ரிசீவருக்கும் கார்னர்பேக்குக்கும் முழு வேக ஓட்டம் மிக அதிகம். அதாவது, அணியிலேயே அதிகம் ஓடுகிற இரண்டு வேலையை ஒரே காலுக்குக் கொடுக்கிறோம். அக்டோபர் நடுவில் அந்தப் பையனுக்கு மூன்றாம் குவார்ட்டர் தாண்டினாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஊறுகாய்த் தண்ணீர் கொடுப்போம். நம் ஊர் எண்ணெய் ஊறுகாய் இல்லை, வெள்ளரிக்காய் ஊறிய உப்பும் வினிகரும். ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஓடுவான். ஒரு நாள் ஓட முடியவில்லை. பின்தசை. சீசன் அதோடு முடிந்தது.

அவனை ரெண்டு பக்கமும் ஆடவிட்டதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். அவனே ஆசைப்பட்டான். ஆட்டத்தில் இரட்டிப்பு வேலை கொடுத்தவர்கள் பயிற்சியில் ஒன்றையும் குறைக்கவில்லை, அதுதான் தப்பு. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் அவன் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒரு பக்கம் மட்டும், புதன்கிழமை மறுபக்கம் மட்டும். அதைக்கூடச் செய்ய முடியாத அணி இந்த யோசனையையே எடுக்கக் கூடாது.

இன்னொன்று, இடத்தைப் பார்த்துப் பேசுங்கள். கார்னர்பேக்கும் ரிசீவரும் ஒரே உடம்பு, ஒரே வேலையின் முன்பக்கம் பின்பக்கம். ஒன்று தெரிந்தவனுக்கு மற்றது சீக்கிரம் பிடிபடும். டிஃபென்ஸின் நடுவில் நிற்கிற லைன்பேக்கரை, பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக்காக்குவது அப்படி இல்லை. 2013இல் யுசிஎல்ஏ அணி மைல்ஸ் ஜாக்கை அப்படி இறக்கியது. வாஷிங்டனுக்கு எதிராக நாலு டச்டவுன் போட்டான், ஊரே கொண்டாடியது. எனக்கோ அந்த ஆட்டத்தின் வீடியோவைப் பார்க்கும்போது ஒவ்வொரு இடிக்கும் வயிறு பிசைகிறது. லைன்பேக்கர் ஒவ்வொரு ஸ்னாப்பிலும் இடிக்கிறவன், ரன்னிங் பேக் ஒவ்வொரு ஸ்னாப்பிலும் இடி வாங்குகிறவன். ஒரே ஆள் இரண்டுமாக இருக்க வேண்டாம்.

---

அரோராக்காரன் எழுதியது:

அக்கா, அந்த டேப்லெட் விஷயம் என்னவோ செய்துவிட்டது. நாங்கள் சனிக்கிழமை மட்டும்தான் பார்க்கிறோம்.

ஆன்ஆர்பர் அண்ணாவிடம் ஒரு ஆட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். 2024 செப்டம்பர் 21, பெய்லர் ஆட்டம். நான் எங்கள் கொலராடோ அணியின் மைதானமான ஃபோல்சம் ஃபீல்டில் இருந்தேன். கடைசி நொடியில் நீள பாஸ் போட்டுச் சமன் செய்து ஓவர்டைம் போயாயிற்று. நாங்கள் ஏழு பாயிண்ட் முன்னால். பெய்லர் எங்கள் கோட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டார்கள். ஹண்டர் அதற்குள் 7 பாஸ் பிடித்து 130 யார்ட் எடுத்திருந்தான், நாலு குவார்ட்டர் ரெண்டு பக்கமும் ஓடியிருந்தான். ஐயாயிரம் அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிற ஊர், நான் படியேறினாலே மூச்சு வாங்கும். பந்தோடு ஒருவன் பாய்கிறான். ஹண்டர் ஓரத்திலிருந்து வந்து இடித்த இடியில் பந்து அவன் கையை விட்டுப் போனது. ஆட்டம் முடிந்தது, 38-31. ஜனம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. களைத்த கார்னர்பேக் அரை அடி பிந்துவான் என்றீர்களே அண்ணா, அவன் பிந்தவில்லையே.

ஆனால் நியாயமாக எனக்கு எதிராகவும் ஒன்று சொல்கிறேன். மூன்று வாரம் கழித்து கான்சஸ் ஸ்டேட் ஆட்டத்துக்கும் போயிருந்தேன். தோளில் அடிபட்டு முதல் பாதியோடு அவன் போய்விட்டான். கடைசியில் 28-24 என்று முந்திவிட்டோம். இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கும்போது 50 யார்டுக்கு ஒரு பாஸ், டச்டவுன், தோற்றோம். என் பக்கத்தில் இருந்த பாட்டி, வயது எழுபதுக்கு மேல் இருக்கும், தங்கநிறத் தொப்பி போட்டிருந்தார், அந்த மூலையையே பார்த்துக்கொண்டு "அங்கே அவன் நின்றிருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

---

ஆன்ஆர்பர்97 எழுதியது:

அந்தப் பெய்லர் இடிக்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. டிவியில் பார்த்து நானும் எழுந்து நின்றேன். அது மாதிரி ஒருவன் வந்தால் என் பதினைந்து ஸ்னாப் கணக்கு செல்லாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 2023இன் ஸ்டான்ஃபோர்ட் ஆட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். அதற்கு முன்னால் கொலராடோ ஸ்டேட் ஆட்டத்தில், ஹண்டர் ரிசீவராக ஓடி, பந்து போன பிறகு வந்து விழுந்த தப்பான ஒரு இடியில் கல்லீரல் கிழிந்து மூன்று ஆட்டம் வெளியே இருந்தான். திரும்பி வந்த முதல் ஆட்டம் அது. வந்ததும் ரெண்டு பக்கமும். 13 பாஸ், 140 யார்ட், இரண்டு டச்டவுன். பாதி ஆட்டத்தில் 29-0 என்று முன்னால். அப்புறம் ஸ்டான்ஃபோர்டின் எலிக் அயோமனோர் ஒருவரே 294 யார்ட் எடுத்தார். ஓவர்டைமில் ஹண்டரே அவர் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது, ஹண்டரின் தலைக்குப் பின்னாலேயே கையை விட்டுப் பந்தை அமுக்கிப் பிடித்தார். 46-43, தோல்வி. அந்தப் பிடியைப் புதிய காலோடு நின்றாலும் தடுக்க முடியாது என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். ஆனால் நாலு வாரம் முன்னால் கல்லீரல் கிழிந்த பையனை, அன்றைக்காவது ஒரு பக்கம் மட்டும் விட்டிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

களத்தோரம் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் ஸ்னாப்பை எண்ணினேன், நீங்கள் வாரத்தை எண்ணுகிறீர்கள் அம்மா, அதுதான் சரியான கணக்கு. உட்ஸனுக்குப் பாடம் குறைவு. அந்தச் சில ஸ்னாப்புகளை மட்டும் படித்தால் போதும், எந்த வகுப்பையும் விட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை. 18 சீசன் ப்ரோ ஆடி, 65 இண்டர்செப்ஷன் எடுத்து, 2021இல் ஹால் ஆஃப் ஃபேம் போனார். அதற்குக் கல்லூரியில் குறைவாக ஓடியதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கொலம்பஸ்காரர் பெய்லியைக் காட்டிவிட்டார், அது நியாயமான பதில். ஆனால் பெய்லியும் ப்ரோவில் கார்னர்பேக்காகவே நின்றார்.

மச்சானிடம் ஒன்று சொல்லுங்கள். யாரும் ஹண்டரைக் கட்டாயப்படுத்தி ஓடவிடவில்லை. ஒரு பக்கம் மட்டும் ஆடச் சொன்னால் ஃபுட்பாலே வேண்டாம் என்கிற அளவுக்கு அவனே பேசியிருக்கிறான். முழங்கால் போனதும் பயிற்சியில்தான், அதை ரெண்டு பக்கம் ஆடியதன் கணக்கில் எழுத எனக்கு மனசு வரவில்லை. அடிபடுவதற்குப் பதினோரு நாள் முன்னால் லண்டனில் ராம்ஸுக்கு எதிராக 8 பாஸ், 101 யார்ட், ப்ரோவில் தன் முதல் டச்டவுன். அந்த ஆட்டத்தை மச்சானோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். அவன் கார்னர்பேக் மட்டும் போதும் என்று அப்போதும் சொல்கிறானா என்று இங்கே வந்து எழுதுங்கள்.